ஹோட்டல் நடத்துபவர் கேட்டரிங்கில் இறங்க: முதல் ஆர்டருக்கு முன் செய்ய வேண்டியவை

உங்கள் சாம்பாரைச் சாப்பிட்டுப் பழகிய வாடிக்கையாளர் ஒருவர் கல்லாவில் நின்று, "பொண்ணுக்கு நிச்சயதார்த்தம், இருநூறு பேர், நீங்களே செஞ்சு கொடுத்துடுங்க" என்பார். பெரும்பாலான ஹோட்டல்காரர்கள் கேட்டரிங்குக்குள் வருவது இப்படித்தான். அங்கேயே ஒரு விலை சொல்லி, அட்வான்ஸ் வாங்கிப் பையில் வைத்துவிட்டு, அதன் பிறகு காகிதம், ஆள், வண்டி என்று ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பிப்பார்கள். அந்த வரிசையைத் தலைகீழாக்குவதற்குத்தான் இந்தக் கட்டுரை. தமிழ்நாட்டில் 50 முதல் 100 இருக்கை உள்ள சைவ ஹோட்டலை மனதில் வைத்து எழுதியது. அசைவம் நடத்துபவர்களுக்கும் அளவுகளைத் தவிர மற்ற எல்லாம் பொருந்தும்.

1. எந்த மாதிரி ஆர்டர் என்று முதலில் தீர்மானியுங்கள்

கேட்டரிங் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று தனித்தனித் தொழில்கள் இருக்கின்றன.

முதலாவது, பாத்திரத்தில் கொடுத்தனுப்புவது. 30 முதல் 100 பேருக்கு உங்கள் அடுப்படியிலேயே சமைத்து ஹாட்பாக்ஸில் ஏற்றி அனுப்பினால் வேலை முடிந்தது. பிறந்தநாள், வளைகாப்பு, வீட்டு விசேஷங்கள் இதில் வரும். புதிதாகத் தொடங்குபவருக்கு இதுதான் சரியான இடம்.

இரண்டாவது, அலுவலக மதிய உணவு. தினசரி ஒரே எண்ணிக்கை, ஒரே நேரம். வருமானம் நிலையானது, ஆனால் பணம் 30, 45 நாள் கழித்துத்தான் வரும். அதுவரை மளிகைக் கடைக்கு நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது, பந்தி போட்டுப் பரிமாறும் கல்யாண காண்ட்ராக்ட். பணம் பெரிது, தவறினால் அடியும் பெரிது. முதல் ஆறு மாதம் முதலாவதைச் செய்து, ஆளும் பாத்திரமும் கைக்கு வந்த பிறகு இதைத் தொடுங்கள்.

நாள் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. முகூர்த்தங்கள் தை, மாசி, வைகாசி, ஆவணி, ஐப்பசி என்று சில மாதங்களில் குவியும். ஆடியிலும் மார்கழியிலும் அநேகமாக ஒன்றும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமையில் முகூர்த்தம் வந்தால் அன்று உங்கள் ஹோட்டலிலும் கூட்டம் நெரியும். ஹோட்டல் மாஸ்டரைக் கல்யாணத்துக்கு அனுப்பினால் கடையில் சுவை மாறும், தினசரி வாடிக்கையாளர் அதை முதல் வாய்க்கே கண்டுபிடித்துவிடுவார். கேட்டரிங் மாஸ்டரைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் தினக்கூலியாகவே இருந்தாலும் பரவாயில்லை.

2. காகிதங்கள்

ஹோட்டலுக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம் இருக்கிறது, அதுவே போதும் என்று நினைப்பதுதான் மிகப் பரவலான தவறு. உரிமத்தில் தொழில் வகை என்று ஓர் இடம் இருக்கும். உங்களுடையதில் 'ரெஸ்டாரன்ட்' என்று மட்டும் இருந்தால், 'கேட்டரர்' என்ற வகையையும் சேர்க்க வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் ஃபாஸ்காஸ் (FoSCoS) என்ற இணையதளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து, உரிமத் திருத்தம் என்ற பகுதியில் விண்ணப்பிக்கலாம். புது உரிமம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் கேட்டரிங்குக்கென்று வேறு முகவரியில் சமையல் கூடம் போட்டால், அந்த இடத்துக்குத் தனி உரிமம் வேண்டும்.

2011-ஆம் ஆண்டு உரிம விதிமுறைகளில் ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் வரை வெறும் பதிவு, அதற்கு மேல் 20 கோடி வரை மாநில உரிமம் என்று வைத்தார்கள். பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய், கேட்டரருக்கு மாநில உரிமம் ஆண்டுக்கு 2,000 ரூபாய். வரம்பும் கட்டணமும் திருத்தப்படக்கூடியவை என்பதால் விண்ணப்பிக்கும் அன்று தளத்தில் காட்டும் தொகையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹோட்டல் விற்பனையோடு கேட்டரிங் விற்பனையும் சேர்த்துத்தான் விற்றுமுதல் கணக்கு. பதிவில் ஓடிக்கொண்டிருந்த சின்ன மெஸ், இரண்டு கல்யாண சீசனில் உரிம வரம்பைத் தாண்டிவிடலாம்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை:

- சமையல் கூடத்தின் வரைபடமும், இயந்திரங்களின் பட்டியலும்
- வாடகை ஒப்பந்தம் அல்லது சொத்து வரி ரசீது
- குடிநீர்ப் பரிசோதனை அறிக்கை. அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். போர் தண்ணீர், லாரித் தண்ணீர் இரண்டும் பயன்படுத்தினால் இரண்டுக்கும் தனித்தனியாக எடுத்து வையுங்கள்.
- உணவைத் தொடும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் மருத்துவத் தகுதிச் சான்று, டைஃபாய்டு தடுப்பூசிப் பதிவு
- ஃபாஸ்டாக் (FoSTaC) என்ற எஃப்எஸ்எஸ்ஏஐ உணவுப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று. 25 ஊழியருக்கு ஒருவர் இந்தப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். கேட்டரிங்குக்கென்று தனி வகுப்பு இருக்கிறது, ஒரு நாளில் முடியும்.

விண்ணப்பத்தில் கேள்வி எழுப்பி அதிகாரி திருப்பி அனுப்பியிருப்பார். தளத்தைத் திறந்து பார்க்காமல் பலர் காத்திருந்தே விண்ணப்பத்தை இழக்கிறார்கள். வாரம் இரண்டு முறை உள்ளே போய்ப் பாருங்கள். சட்டத்தில் 60 நாள் அவகாசம் இருப்பதால், முதல் பெரிய ஆர்டருக்கு மூன்று மாதம் முன்பே தொடங்குவது நல்லது. 14 இலக்க உரிம எண்ணை 2022 ஜனவரி 1 முதல் பில்லில் அச்சிட வேண்டும் என்பது கட்டாயம். அது கேட்டரிங் பில்லுக்கும் பொருந்தும்.

உத்யம் என்ற குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும். அலுவலக ஆர்டர் எடுப்பவர்கள் இதைச் செய்யாமல் விடாதீர்கள். குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்ற சட்டப் பாதுகாப்பு இந்தப் பதிவால் கிடைக்கிறது. தாமதித்தால் வட்டி கேட்கலாம். கேட்பீர்களோ இல்லையோ, பில்லின் அடியில் உத்யம் எண் இருந்தாலே பல அலுவலகங்களில் கோப்பு சீக்கிரம் நகரும்.

3. சிலிண்டர்

மண்டபத்துக்குச் சிவப்பு நிற வீட்டு சிலிண்டரைக் கொண்டுபோகாதீர்கள். வணிகப் பயன்பாட்டுக்கு 19 கிலோ சிலிண்டர்தான். பிடிபட்டால் பறிமுதலும் வழக்கும் உண்டு. விபத்து நடந்தால் காப்பீடு கிடைக்காமல் போகலாம். உரிமம் இல்லாமல் ஓர் இடத்தில் 100 கிலோ எரிவாயு வரைதான் சேமிக்கலாம். அதாவது 19 கிலோ சிலிண்டர் ஐந்து. கேட்டரிங் தொடங்கியதும் ஹோட்டலின் பின்கட்டில் காலி, நிறை என்று சிலிண்டர்கள் சேர்ந்துகொண்டே போகும். எண்ணி வையுங்கள்.

பெரிய பர்னரை ஒரே சிலிண்டரில் தொடர்ந்து முழு வேகத்தில் எரித்தால் சிலிண்டரின் வெளிப்புறம் பனி பூத்துத் தீ குறையும். உள்ளே இருக்கும் திரவம் ஆவியாக வெப்பம் தேவை. அந்த வேகத்துக்குச் சுற்றிலும் இருந்து வெப்பம் கிடைக்காததால் அழுத்தம் விழுகிறது. காஸ் தீர்ந்துவிட்டது என்று நினைத்துச் சிலர் பாதி நிறைந்த சிலிண்டரை மாற்றுவார்கள், வேறு சிலர் வெந்நீர் ஊற்றுவார்கள், இன்னும் மோசமாக அடியில் தீ காட்டுவார்கள். இரண்டு சிலிண்டரை இணைத்து ஒரே குழாயில் விட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

4. விலை போடுவது

இந்தப் படியில் தவறினால் மற்றதெல்லாம் சரியாகச் செய்தும் பயனில்லை.

ஹோட்டலில் ஒரு சாப்பாட்டின் செலவைத் தட்டுக்குக் கணக்கிட்டுப் பழகியிருப்பீர்கள். கேட்டரிங்கில் பல செலவுகள் இலை எண்ணிக்கையின் அதே விகிதத்தில் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. வண்டி வாடகை 150 பேருக்கும் அதேதான், 300 பேருக்கும் அதேதான். மாஸ்டர் பாதி நாள் வரமாட்டார்.

ஓர் உதாரணக் கணக்கு பாருங்கள். உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். மதிய விருந்து, இலைக்கு 280 ரூபாய், 300 இலை. வரவு 84,000.

- மளிகை, காய்கறி, பால், இலைக்கு 110 வீதம்: 33,000
- மாஸ்டரும் உதவியாட்களும்: 12,000
- பரிமாற 15 பேர், தலைக்கு 700: 10,500
- சிலிண்டர் 3: 5,500
- வண்டி, போக வர: 4,000
- பாத்திர வாடகை: 3,500
- வாழை இலை, தண்ணீர் பாட்டில்: 3,300
- பாத்திரம் கழுவ, இலை எடுக்க 4 பேர்: 2,400
- சேதம், எதிர்பாராதது, மேற்கண்டதில் 5 சதவீதம்: 3,710

மொத்தம் 77,910. மிச்சம் 6,090, அதாவது இலைக்கு 20 ரூபாய். 110 ரூபாய்ச் சாமானை 280-க்கு விற்கிறோம் என்று கேட்கும்போது கொழுத்த லாபம் மாதிரித்தான் தெரியும்.

அதே 280 ரூபாய்க்கு 150 இலை ஒப்புக்கொண்டால் வரவு 42,000. சாமான் 16,500-ஆகக் குறையும். மாஸ்டர் குழு 8,500, பரிமாற 8 பேர் 5,600, சிலிண்டர் 2-க்கு 3,700, வண்டி அதே 4,000, பாத்திரம் 2,500, இலையும் தண்ணீரும் 1,650, கழுவ 3 பேர் 1,800, சேதம் 2,210. கூட்டினால் 46,460. கையில் இருந்து 4,460 ரூபாய் போடுகிறீர்கள்.

எனவே ஒரே விலைப் பட்டியல் அச்சடித்துக் கொடுக்காதீர்கள். 100 வரை, 101 முதல் 250 வரை, அதற்கு மேல் என்று மூன்று விலை வையுங்கள். பந்தி ஆர்டருக்குக் குறைந்தபட்ச இலை எண்ணிக்கை என்று ஒன்று வேண்டும். அதற்குக் கீழே என்றால் பாத்திரத்தில் கொடுத்தனுப்பும் விலையைச் சொல்லுங்கள்.

முகூர்த்த நாளின் சந்தை விலையும் வேறு. பீன்ஸ், முருங்கைக்காய், வாழை இலை ஆகியவை முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ஏறிவிடும். இரண்டு மாதம் முன்பு விலை பேசும்போது, "பீன்ஸ் பொரியல்" என்று எழுதாமல் "பருவக் காய்ப் பொரியல்" என்று எழுதினால் அன்றைய மலிவான காயை வாங்க வழி இருக்கும். வாடிக்கையாளர் பீன்ஸ்தான் வேண்டும் என்றால் அதற்கு விலை தனி.

5. வரி

ஹோட்டலுக்கு வெளியே செய்யும் கேட்டரிங்குக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், உள்ளீட்டு வரி வரவு கிடையாது. 2019 அக்டோபர் 1 முதல் இதே நிலை. நட்சத்திர விடுதி வளாகங்களுக்கு 18 சதவீதம் என்பது வேறு கணக்கு, சாதாரண ஹோட்டல்காரருக்குத் தேவையில்லை. பில்லில் சேவைக் குறியீடு 996334 என்று போட வேண்டும். ஹோட்டல் விற்பனையின் குறியீட்டையே இதற்கும் போடுவது பலர் செய்யும் பிழை.

உள்ளீட்டு வரவு இல்லை என்பதால், சிலிண்டருக்கும் பாத்திர வாடகைக்கும் நீங்கள் கட்டும் ஜிஎஸ்டி முழுவதும் உங்கள் செலவுதான். மேலே போட்ட கணக்கில் அது சேர்ந்திருக்க வேண்டும். "எல்லாம் சேர்த்து 280" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் 84,000-இல் 4,000 வரிக்குப் போய்விடும், 6,090 ரூபாய் லாபம் 2,090 ஆகிவிடும். விலைத்தாளில் "ஜிஎஸ்டி தனி" என்ற இரண்டு சொல்லைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

சிறு தொழில்களுக்கான எளிய ஜிஎஸ்டி முறையான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்க முடியாது, வெளிமாநிலத்துக்குச் சேவை செய்யவும் முடியாது. ஓசூர்க்காரர் பெங்களூருவில் ஒரு ஆர்டர் எடுத்தால்கூடச் சிக்கல். காம்போசிஷனில் இருந்துகொண்டே கேட்டரிங் செய்யலாமா என்பதை ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு தொடங்குங்கள்.

ரொக்கம் பற்றி அதிகம் பேருக்குத் தெரியாத விதி ஒன்று: ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடம் இருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. அட்வான்ஸ் 50,000, பிறகு ஒரு லட்சம், கல்யாணத்தன்று மிச்சம் என்று பிரித்து வாங்கினாலும் கூட்டித்தான் பார்ப்பார்கள். வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் வாங்கியவருக்கு, கொடுத்தவருக்கு அல்ல. பெண் வீட்டார் மொய்ப்பணத்தில் இருந்து கட்டுக் கட்டாக எடுத்துத் தரும்போது இது நினைவில் இருக்கட்டும்.

நிறுவனங்கள் பில்லில் இருந்து வருமான வரி பிடித்துக்கொண்டுதான் தரும்: தனிநபர் உரிமையாளர் என்றால் 1 சதவீதம், கூட்டு நிறுவனம், கம்பெனி என்றால் 2. அது நட்டம் இல்லை, கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் பிடிப்பார்கள்.

6. மண்டபத்தை நேரில் பாருங்கள், விலை சொல்வதற்கு முன்

சில மண்டபங்களில் அவர்களுடைய கேட்டரர் மட்டும்தான். வேறு சிலவற்றில் வெளி ஆளை விடுவார்கள், ஆனால் இலைக்கு இவ்வளவு அல்லது மொத்தமாக ஒரு தொகை கேட்பார்கள். அதை யார் கட்டுவது என்று முன்பே பேசாவிட்டால் உங்கள் தலையில்தான் விழும்.

நேரில் போய்ப் பார்க்க வேண்டியவை: அடுப்பும் காஸும் மண்டபத்துடையதா, நாம் கொண்டுபோக வேண்டுமா, பாத்திரம் இருக்கிறதா, எத்தனை அண்டா, தண்ணீர் குழாயில் வருகிறதா, லாரியா, குடிக்கத் தகுந்ததா, சாமான் வைக்கும் உக்கிராண அறைக்குப் பூட்டு உண்டா, சமையலறையில் இருந்து பந்தி கூடத்துக்குப் படி ஏற வேண்டுமா, ஒரு பந்திக்கு எத்தனை இலை, கிரைண்டர் ஓட்ட மூன்று ஃபேஸ் மின்சாரம் உண்டா, எச்சில் இலையை எங்கே போடுவது, அதற்கு யார் பணம் கட்டுவது, முந்தின நாள் எத்தனை மணிக்குச் சமையலறையைத் தருவார்கள்.

சாப்பாட்டுக் கூடம் முதல் மாடியில், சமையலறை கீழே, லிஃப்ட் கிடையாது என்றால் பரிமாறும் ஆட்களில் இரண்டு பேரைத் தூக்குவதற்கென்றே ஒதுக்க வேண்டும். சூடான சாம்பாரோடு படியில் ஏறுவது ஆபத்தும்கூட.

பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டு, கப், மேசை மேல் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் ஆகியவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. மேசை விரிப்புக்குச் சாதாரண காகிதச் சுருள் வாங்குங்கள். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை என்பதால், மலையில் ஆர்டர் எடுத்தால் எவர்சில்வர் டம்ளரும் அவற்றைக் கழுவ ஆளும் கணக்கில் சேரும்.

7. எழுதி வாங்குங்கள்

சொந்தக்காரர், பக்கத்துத் தெருக்காரர் யாராக இருந்தாலும் ஒரு பக்க ஒப்பந்தம் வேண்டும். முத்திரைத்தாளெல்லாம் தேவையில்லை, இரு தரப்புக் கையெழுத்து போதும். தேதி, இடம், வேளை, ஒவ்வொரு வேளைக்கும் பட்டியல் என்பவை எல்லோரும் எழுதுவார்கள். விட்டுப்போவது இவைதான்.

உறுதி எண்ணிக்கை. 300 இலை என்று சொல்லி 220 பேர் வந்தாலும் 300-க்குப் பணம். அதை நிகழ்ச்சிக்கு ஏழு நாள் முன்பு வரை மாற்றலாம், பிறகு குறைக்க முடியாது. கூடுதலாக எத்தனை சதவீதம் வரை தாங்குவோம் (10 சதவீதத்துக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள்), அதற்கு மேல் இலைக்கு என்ன விலை என்பதும் எழுத்தில் வேண்டும்.

இலையை எண்ணுவது யார். கல்யாணத்தில் நடக்கும் சண்டையில் பாதி இதில்தான். ஒவ்வொரு பந்தி அமர்ந்ததும் அவர்கள் தரப்பில் ஒருவர், உங்கள் தரப்பில் ஒருவர் சேர்ந்து எண்ணி, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர்கள் தரப்பு ஆள் யார் என்று பெயரை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். மாமா ஒருவர், சித்தப்பா ஒருவர் என்று மாறி மாறி வந்தால் கடைசியில் யாரும் பொறுப்பில்லை. போட்டோக்காரர், மேளக்காரர், டிரைவர்கள் சாப்பிடும் இலையும் கணக்கில் உண்டா என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

பணம் வரும் நாள். பதிவு செய்யும்போது கால் பங்கு, ஏழு நாள் முன்பு பாதி, மிச்சம் கடைசிப் பந்திக்கு முன். "மண்டபத்தைக் காலி பண்ணிட்டு வந்து தர்றேன்" என்று விட்டால் மறுமாதம்வரை அலைவீர்கள். ரத்தானால் எவ்வளவு திருப்பித் தருவீர்கள் என்பதையும் தேதி வாரியாகக் குறியுங்கள்.

8. அளவு

ஹோட்டல் அளவை அப்படியே பெருக்கினால் சுவை கெடும். பெரிய அண்டாவில் நீர் ஆவியாவது குறைவு, அதனால் தண்ணீரைக் குறைக்க வேண்டும். உப்பு, புளி, மிளகாய்த்தூள் மூன்றையும் கணக்கில் வருவதில் முக்கால் பங்கு போட்டு, கொதி வந்த பிறகு பார்த்துச் சேர்க்க வேண்டும். குறைந்தால் சேர்க்கலாம். கூடினால் 60 லிட்டர் சாம்பாரை என்ன செய்வீர்கள்?

100 பேர் மதிய விருந்துக்குத் தொடக்க அளவுகள் (பட்டியலில் கலந்த சாதம், இனிப்பு எல்லாம் இருக்கும் நிலையில்):

- அரிசி 11 முதல் 12 கிலோ
- சாம்பார் 20 லிட்டர், துவரம் பருப்பு இரண்டரை கிலோ
- ரசம் 12 லிட்டர்
- தயிர் 10 லிட்டர்
- பொரியல் ஒரு வகைக்கு நறுக்கிய காய் 8 கிலோ. பீன்ஸ் என்றால் 9 கிலோ வாங்க வேண்டும், முட்டைக்கோஸில் கழிவு இன்னும் அதிகம்.
- பாயசம் 10 லிட்டர்
- அப்பளம் 130

காலைச் சிற்றுண்டிக்கு, ஒரு கிலோ இட்லி அரிசிக்கு கால் கிலோ உளுந்து போட்டால் சுமார் 45 இட்லி வரும். பொங்கலும் தோசையும் இருக்கும் இலையில் தலைக்கு இரண்டு இட்லிக்கு மேல் போகாது. அசைவத்தில், ஒரு கிலோ அரிசி பிரியாணி எட்டு முதல் பத்து பேருக்கு.

சாதத்தை ஒரே தடவையில் வடிக்காதீர்கள். 300 பேருக்கு 36 கிலோ என்றால் 12 கிலோவாக மூன்று தடவை, ஒவ்வொரு பந்திக்கும் முக்கால் மணி முன்பு. மூன்றாவது தடவையின் அரிசியை, முதல் பந்தி எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு ஊறப் போடலாம். விரயத்தைக் குறைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

9. எதை எங்கே சமைப்பது, எப்படிக் கொண்டுபோவது

ஹோட்டலிலேயே முடிக்க வேண்டியவை: இனிப்பு, மிக்சர், பொடிகள், மாவு அரைத்தல், காய் நறுக்குதல். மண்டபத்தில் செய்ய வேண்டியவை: சாதம், சாம்பார், ரசம், பொரியல், வடை, தேங்காய் அரைத்துவிட்ட எல்லாம். அவியல், கூட்டு, தேங்காய்ச் சட்னி மூன்றும் பயணத்தில் முதலில் கெடுபவை. சட்னியைத் தேங்காய், மிளகாய், பொட்டுக்கடலை என்று தனித்தனியாகக் கொண்டுபோய் அங்கே அரையுங்கள்.

பாத்திரத்தில் கொடுத்தனுப்பும் ஆர்டரில் வெப்பம்தான் எல்லாம். சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது, குளிர்ந்தது 5 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது. நடுவில் இருக்கும் வெப்பம் கிருமிக்குத்தான் விருந்து. சில நூறு ரூபாய்க்குக் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் கிடைக்கிறது. ஏற்றும்போது ஒரு தடவை, இறக்கும்போது ஒரு தடவை பார்த்து நோட்டில் எழுதுங்கள். பிறகு யாராவது வயிற்றுப்போக்கு என்று வந்தால் அந்த நோட்டுதான் உங்கள் சாட்சி. ஹாட்பாக்ஸில் முதலில் கொதிக்கும் நீரை ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்து, கொட்டிவிட்டு உணவை ஊற்றினால் வெப்பம் கூடுதல் நேரம் நிற்கும்.

முந்தின இரவே குழம்பு வைத்து அண்டாவோடு மூடி வைப்பதை அடியோடு நிறுத்துங்கள். 50 லிட்டர் அண்டா தானாக ஆறப் பல மணி நேரம் ஆகும். கொதியில் சாகாத கிருமி வித்துகள் அந்த வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகும். காலையில் மறுபடி கொதிக்க வைத்தாலும், சாதத்தில் சில கிருமிகள் ஏற்கெனவே விட்ட நச்சு போகாது. விருந்தில் கூட்டமாக வாந்தி என்று வரும் செய்திகளுக்குப் பின்னால் இப்படி ஆற வைத்த சாதமோ குழம்போ இருப்பதுண்டு. தயிர் சாதத்துக்குப் பால் அதிகம், தயிர் குறைவாகச் சேர்த்துப் பிசைந்தால் மூன்றாம் பந்தி வரை புளிக்காது.

வண்டியில் உணவும் சிலிண்டரும் ஒன்றாகப் போகக் கூடாது. இரண்டு நடை ஆனாலும் ஆகட்டும். அண்டாவில் முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பாமல், மூடியைத் துணியால் கட்டி, வண்டித் தரையில் ஈரச் சாக்கு விரித்து வையுங்கள்.

வடை, அப்பளம் பொரித்து மிஞ்சிய எண்ணெயை அடுத்த ஆர்டருக்கு எடுத்துவைக்கத் தோன்றும். எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது அதில் சேரும் மொத்த போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் விதி. பழைய எண்ணெயை பயோடீசலுக்கு வாங்கும் அங்கீகரிக்கப்பட்ட சேகரிப்பாளரிடம் கொடுத்தால் காசும் வரும்.

10. ஆட்களும் அன்றைய நேரமும்

100 இலைப் பந்திக்குப் பரிமாற எட்டு முதல் பத்து பேர். அதற்குக் கீழே போனால் முதல் வரிசை பாயசத்துக்கு வரும்போது கடைசி வரிசைக்குச் சாம்பாரே வந்திருக்காது. ஒரு பந்தி முடிய 35 நிமிடம், இலை எடுத்துத் துடைத்து மறுபடி போட 10 நிமிடம். 300 பேரை மூன்று பந்தியில் முடிக்க இரண்டே கால் மணி. முகூர்த்தம் தாமதமானால் எல்லோரும் ஒரே நேரத்தில் வருவார்கள், அதற்கும் ஆள் கணக்கு இதுதான்.

பரிமாற வரும் ஆட்களை ஒரு ஏஜென்ட் மூலம் எடுப்பீர்கள். ஏஜென்ட் 15 பேர் என்று சொல்லி 12 பேரைத்தான் கூட்டிவருவார். வந்தவுடன் தலை எண்ணி, வயதுச் சான்று பாருங்கள். 18 வயதுக்குக் குறைந்தவரைச் சேர்க்காதீர்கள். விடுமுறையில் பள்ளிப் பையன்கள்தான் அதிகம் வருகிறார்கள், 14 வயதுக்குக் கீழே என்றால் வேலைக்கு வைத்த நீங்கள்தான் குற்றவாளி. ஹோட்டலும் கேட்டரிங்கும் சேர்ந்து பத்துப் பேரைத் தொட்டால் இஎஸ்ஐ, இருபதைத் தொட்டால் பிஎஃப் பற்றி ஆடிட்டரிடம் கேளுங்கள்.

12 மணிப் பந்திக்கு: முந்தின மாலை சாமான் இறக்கி உக்கிராண அறையைப் பூட்டுவது, இரவே காய் நறுக்குவது, அதிகாலை 4 மணிக்கு அடுப்பு, 7 முதல் 9 சிற்றுண்டி, 9 மணிக்கு மதியத்துக்கான பருப்பு, 11-க்குப் பொரியல், 11.15-க்கு முதல் சாதம், 11.45-க்கு இலை போட்டு உப்பு, ஊறுகாய், இனிப்பு வைப்பது. சாம்பாரைப் பந்தி தொடங்க அரை மணிக்கு முன் இறக்கினால் போதும்.

11. முடிந்த பிறகு

மிஞ்சிய உணவு யாருக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் பேச்சில்லை. சமைத்து நான்கு மணி நேரம் தாண்டிய எதையும் பொட்டலம் கட்டிக் கொடுக்காதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும். தொடாத உணவு நிறைய மிஞ்சும் என்று தெரிந்தால், கோயம்புத்தூரில் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட் போன்ற அமைப்புகளுக்குக் கடைசிப் பந்தி ஓடும்போதே சொல்லிவிடுங்கள். எல்லாம் முடிந்து சொன்னால் அவர்கள் வந்து சேர்வதற்குள் நேரம் தாண்டிவிடும்.

பாத்திரத்தை வாடகைக்காரரிடம் திருப்பும்போது எண்ணுவதோடு, மண்டபத்தை விட்டுக் கிளம்பும்போதும் எண்ணுங்கள். கரண்டி, மூடி, ஜக்கு இவைதான் காணாமல் போகும். மண்டபத்து மேலாளரிடம் மின் மீட்டர் அளவு, சமையலறை நிலை இரண்டுக்கும் கையெழுத்து வாங்கிவிட்டால், டெபாசிட்டில் பிடித்தம் என்று பிறகு சொல்ல முடியாது.

மறுநாளே, வாங்கிய சாமான், மிஞ்சியது, இலை எண்ணிக்கை, ஆள் எண்ணிக்கை நான்கையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அரிசி 36 கிலோ போய் 4 கிலோ மிஞ்சியது என்ற குறிப்பு, அடுத்த 300 இலைக்கு நீங்கள் சொல்லும் விலையை மாற்றும்.